யார் வீட்டில் யார் சாப்பிட்டது? – நட்புக் கதைகளில் பணமும் சாதியும்

பணக்காரப் பையனும் ஏழைப் பையனும் சிநேகிதர்களாக இருக்கிற கதை என்றால் நம்ம சனங்களுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிடுகிறது. பத்திரிகைக் கதை, நாவல், சினிமா எதுவானாலும் சரி. இரண்டு பேரும் ஒரே மாங்காயைக் கடிப்பார்கள், ஒரே கிணற்றில் குதிப்பார்கள். பிறகு ஒருத்தன் மேலே போவான், இன்னொருத்தன் கிடந்த இடத்திலேயே கிடப்பான். கடைசியில் மேலே போனவன் காரில் வந்து இறங்கி, கிடந்தவனைக் கட்டிப்பிடிப்பான். கதை முடிந்தது. நட்புக்கு முன்னால் பணம் தூசு என்று எழுத்தாளருக்கும் திருப்தி, வாசகருக்கும் திருப்தி. மறுநாள் காலையில் யார் யார் எந்தெந்த வேலைக்குப் போனார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் இந்தக் கதைகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். ஒன்று, யார் வீட்டில் யார் சாப்பிட்டது? இரண்டு, யார் யாரை 'டா' போட்டுக் கூப்பிடலாம், எந்த வயசு வரைக்கும்? மூன்று, பணக்காரச் சிநேகிதனின் பணம் எங்கிருந்து வந்தது? முதல் இரண்டு கேள்விக்காவது சில கதைகள் தப்பித் தவறிப் பதில் சொல்லிவிடும். மூன்றாவது கேள்விக்கு வாயே திறக்காது. மழை பெய்கிற மாதிரி, மரம் காய்க்கிற மாதிரி, சிலரிடம் பணம் இருக்கும், அவ்வளவுதான்.

இது இன்றைக்குத் தொடங்கிய வியாதி இல்லை. திருக்குறளில் 79ஆம் அதிகாரம் முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள் நட்பைப் பேசுகின்றன. அதில் நட்பாராய்தல் என்று ஒரு அதிகாரமே உண்டு. குணம் பார், குடி பார், ஆராய்ந்து பழகு என்கிறது அது. நல்ல புத்திமதிதான். ஆனால் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கிற வசதி யாருக்கு இருக்கிறது? ஏழு வயதில் இன்னொருவர் வீட்டு ஆட்டுக்குப் பின்னால் அனுப்பப்பட்ட பிள்ளை எந்தக் குடியை ஆராய்வது? அந்தக் குடிதான் அவனை ஆராய்ந்து, பல்லைப் பார்த்து, விலை பேசி எடுத்திருக்கிறது.

ஏழைச் சிநேகிதன் என்றதும் தமிழ் மனசில் வந்து நிற்கிற ஆள் குசேலர். புராணத்தில் இருந்தது போதாதென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வல்லூர் தேவராச பிள்ளை 'குசேலோபாக்கியானம்' பாடிவைத்தார். கந்தைத் துணியும் இருபத்தேழு பிள்ளைகளுமாகப் பஞ்சையாக வந்த குசேலருடைய காலைக் கண்ணன் கழுவினான், அழுக்கு முடிச்சை அவிழ்த்து அவலை அள்ளித் தின்றான். ரொம்ப நல்லது. ஆனால் குசேலர் பார்ப்பனர் என்பதைக் கதை சொல்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவருடைய வறுமையில் தீட்டு இல்லை. அரண்மனை வாசலில் அவரைக் கந்தலுக்காக நிறுத்தலாமே தவிர, பிறப்புக்காக நிறுத்த முடியாது. அவர் கை அவலை யாரும் தின்னலாம்.

பக்கத்திலேயே இன்னொரு ஏழைச் சிநேகிதனை வைத்துப் பாருங்கள். கம்பராமாயணத்தில் வேட்டுவன் குகன் தேனும் மீனும் கொண்டுவந்து ராமன் முன்னால் வைக்கிறான். ராமன் சிரித்த முகத்தோடு அதை மெச்சுகிறான். அன்போடு கொண்டுவந்ததால் இதெல்லாம் புனிதமானது, நாங்கள் சாப்பிட்ட மாதிரிதான் என்கிற பொருளில் பேசுகிறான். சாப்பிட்ட மாதிரி! சாப்பிடவில்லை. தவக்கோலத்தில் இருப்பவன் மீனைத் தொடுவானா என்று சமாதானம் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் ஒருவன் கொண்டுபோன அவல் தின்னப்பட்டது, இன்னொருவன் கொண்டுபோன தேன் பாராட்டப்பட்டது. ஒருவனுக்கு மாளிகை கிடைத்தது, இன்னொருவனுக்குத் தம்பி என்ற பட்டம் கிடைத்தது. வறுமை என்று ஒரே வார்த்தையில் நாம் சொல்வது இரண்டு வேறு வேறு வறுமைகளை. நம்முடைய நவீனக் கதைகள் குகனை எடுத்துக்கொண்டு குசேலர் வேஷம் போட்டுவிடுகின்றன. சாதியை 'வசதி இல்லாத குடும்பம்' என்று பெயர் மாற்றுகிறார்கள். பெயர் மாறியதும் ஒரு கட்டிப்பிடியில் அதைத் தீர்த்துவிட முடிகிறது.

சினிமாவை இதில் விட்டுவிட முடியாது. நம்ம தெருவில் நாவல் படிக்கிறவர் பத்துப் பேர் என்றால் சினிமா பார்க்கிறவர் அத்தனை பேரும். 1991இல் மணிரத்னம் எடுத்த 'தளபதி' கர்ணன்–துரியோதனன் கதை. சூர்யா ஏழைக் குடியிருப்பில் வளர்கிறவன். ஊரை அடக்கி வைத்திருக்கிற தேவா அவனைச் சிநேகிதனாக்கிக்கொள்கிறான். தோளோடு தோள் நிற்கிறார்கள். நம்ம பையன்கள் விசிலடித்துப் பார்த்த படம். ஆனால் சூர்யா அந்தக் குடிசைகளுக்குப் பிறந்தவன் இல்லை. கூட்ஸ் வண்டியில் விடப்பட்ட பெரிய வீட்டுப் பிள்ளை. கலெக்டர் அவனுக்குத் தம்பி. கர்ணன் கதையின் சூட்சுமமே இதுதான். தேரோட்டி மகனை அரசன் மதிக்கிறான் என்று நம்மைக் குளிரவைத்துவிட்டு, அவன் தேரோட்டி மகனே இல்லை என்று காதில் சொல்வது. அப்படியானால் நிஜமாகவே தேரோட்டிக்குப் பிறந்தவனுக்கு என்ன வழி? அவனுக்குக் கதையே கிடையாது.

இந்தச் சூட்சுமம் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். 2003இல் ஆங்கிலத்தில் வந்து உலகம் முழுக்க விற்ற காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்' நாவலும் இதே வழியில்தான் போகிறது. காபூலில் பஷ்தூன் பணக்காரர் வீட்டுப் பிள்ளை அமீர். அந்த வீட்டு வேலைக்காரரின் மகன், ஹஸாரா இனத்தைச் சேர்ந்த ஹஸன். அமீர் பள்ளிக்கூடம் போகிறான், ஹஸன் அவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். அமீர் தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹஸனுடைய படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்துத் திருட்டுப் பட்டம் கட்டுகிறான். ஹஸன் செய்யாத திருட்டைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். அந்த இடத்தில் நாவல் உண்மையைத் தொட்டுவிட்டது. வேலைக்காரப் பிள்ளைக்கு நட்பு என்பது, தான் செய்யாததையும் சுமப்பது. ஆனால் பின்னால் என்ன வருகிறது? ஹஸன் அமீருடைய அப்பாவுக்கே பிறந்தவன் என்ற ரகசியம். அதற்குப் பிறகு அமீர் படுகிற பாடெல்லாம் அண்ணன் தம்பிக்காகப் பட்ட பாடாக ஆகிவிடுகிறது. வேலைக்காரன் மகனுக்கு, அவன் வேலைக்காரன் மகனாகவே இருந்திருந்தால், என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி ரத்த உறவில் கரைந்துபோகிறது.

இன்னொரு வழி, ஏழையைப் பணக்காரன் ஆக்கிவிடுவது. 1992இல் வந்த 'அண்ணாமலை' அதைத்தான் செய்தது. பால்காரன் அண்ணாமலையும் ஹோட்டல் முதலாளி மகன் அசோக்கும் உயிருக்கு உயிரான சிநேகிதர்கள். சிநேகிதனின் அப்பா பால்காரனுடைய இடத்தைச் சூழ்ச்சியாகப் பறிக்கிறார், வீடு இடிக்கப்படுகிறது. பணக்காரச் சிநேகிதனின் பணம் எங்கிருந்து வந்தது என்ற என் மூன்றாவது கேள்வியை ஒரு வணிகப் படம் நேருக்கு நேராகத் தொட்ட அபூர்வமான இடம் அது. எங்கள் தெருவில் எத்தனை பேருடைய பட்டா இப்படிப் போயிருக்கிறது! ஆனால் படம் அந்த நிலத்தைப் பற்றிப் பேசுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, அவமானத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறது. அண்ணாமலை சவால் விட்டு, உழைத்து, அசோக்கைவிடப் பெரிய முதலாளியாகிறான். கடைசியில் இரண்டு முதலாளிகள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். நியாயம்தானே, சமமானவர்கள் கட்டிப்பிடிப்பதில் என்ன கஷ்டம்? அண்ணாமலை பால்காரனாகவே இருந்து, இடத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால் அந்த நட்பு எத்தனை ரீலுக்குத் தாங்கியிருக்கும்?

கொடை, ரகசியப் பிறப்பு, திடீர்ப் பணம். இந்த மூன்று பூட்டையும் போட்டுத்தான் நட்புக் கதைகள் கதவைச் சாத்திவைத்திருக்கின்றன.

நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்துகிற ஒரு வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, தெனமும் அவன் பைக்லதாண்ணே காலேஜுக்குப் போறேன். டீக்கு அவன்தான் காசு குடுப்பான். என்னைய ஒரு வார்த்த தப்பா பேசுனது கெடையாது. ஆனா வரும்போது ஊருக்கு முன்னாடி பாலத்துக்கிட்ட எறக்கி விட்ருவான். நானா எறங்கிக்குவேன், அவன் சொல்ல மாட்டான். அவங்க வீட்டுக் கணக்கு நோட்டுல எங்கப்பா பேரு இருக்குண்ணே. அவனுக்கு அது தெரியுமான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல. இத எந்தக் கதையில எழுதியிருக்காங்க?"

யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பாலத்தைப் பற்றித்தான் இலக்கியம் பேசியிருக்க வேண்டும். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. நம்ம தம்பியும் கோழை இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நோட்டு இருக்கிறது. அதை இரண்டு பேரும் எழுதவில்லை. ஆனால் ஒருவன் வரவுப் பக்கத்தில் இருக்கிறான், இன்னொருவன் பற்றுப் பக்கத்தில் இருக்கிறான்.

தம்பியிடம் நான் படிக்கக் கொடுத்த புத்தகம் பெருமாள்முருகன் எழுதிய 'கூளமாதாரி'. 2000இல் வந்த நாவல். வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. கொங்குப் பகுதியின் மேட்டாங்காட்டில் ஆடு மேய்க்கிற பிள்ளைகளின் கதை. கூளையன் சக்கிலியப் பையன், கவுண்டர் வீட்டுப் பண்ணையத்துக்கு ஆண்டுக் கூலிக்கு விடப்பட்டவன். நெடும்பன், வவுறி, செவிடி என்று அவனோடு மேய்க்கிற பிள்ளைகள். கவுண்டர் மகன் செல்வன். இந்தச் செல்வனும் கூளையனும்தான் சிநேகிதர்கள்.

மேய்ச்சல் காட்டில் பெரியவர்கள் கிடையாது. அங்கே செல்வனைவிடக் கூளையன்தான் பெரிய ஆள். எந்த ஆடு எப்போது முரண்டு பிடிக்கும், எங்கே நிழல், எங்கே தண்ணி, எல்லாம் அவனுக்குத் தெரியும். இராத்திரி பட்டிக் காவலுக்குச் செல்வனும் வந்து படுக்கிறான். வானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் பேசுகிறார்கள். மற்ற எழுத்தாளராக இருந்தால் இந்த வானத்தைக் காட்டியே கதையை முடித்திருப்பார். பெருமாள்முருகன் விடியவும் விடுகிறார். விடிந்ததும் ஒருவன் வீட்டுக்குப் போவான், ஒருவன் வேலைக்குப் போவான்.

இந்த நாவலில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. செல்வன் எப்போது வேண்டுமானாலும் கவுண்டர் மகனாக மாறிக்கொள்ளலாம். விளையாட்டில் தோற்கிறானா, கோபம் வருகிறதா, சலிப்புத் தட்டுகிறதா, உடனே மாறலாம். மறுபடி சிநேகிதனாகவும் திரும்பி வரலாம். கூளையனால் எதுவாகவும் மாற முடியாது. அவன் விளையாடும்போதும் பண்ணையத்து ஆள்தான், தூங்கும்போதும் பண்ணையத்து ஆள்தான். செல்வம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தமிழ்ப் புனைகதையில் நான் படித்ததில்லை. செல்வம் என்றால் விரும்பியபோது உள்ளே வரவும் விரும்பியபோது வெளியே போகவும் முடிவது. ஒரு உறவுக்குள் ஒருவனுக்கு மட்டும் அந்த வாசல் திறந்திருந்தால், மற்றவன் எவ்வளவு பிரியமாக இருந்தாலும் அது பிரியமா பயமா என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

தேங்காய் திருடியதற்காகக் கூளையன் கிணற்றில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்படுகிறான். அதே மாதிரி வயசில் கவுண்டர் வீட்டுப் பிள்ளை தோப்பில் தேங்காய் பறித்தால் அதற்குப் பெயர் குறும்பு. நாவலின் கடைசியும் கிணற்றில்தான். விளையாட்டாகத் தொடங்குவது விளையாட்டாக முடிவதில்லை. படிக்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் அந்த முடிவைப் படித்துவிட்டு 'ஐயோ, இந்த நட்பு இப்படி ஆகிவிட்டதே' என்று மட்டும் வருத்தப்படுகிறவர்கள், அதற்கு முந்தின பக்கங்களில் கூளையன் விழுங்கினதை எல்லாம் படிக்காமல் தாண்டியவர்கள் என்று சொல்வேன். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டப் புத்தகம் சொல்ல முடியாத ஒன்றை இந்த நாவல் சொல்கிறது. அடிமை வைத்திருக்கிற வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதை எழுதியவர் தலித் அல்லவே, இதை நாம் தூக்கிப் பிடிக்கலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் வலியை நாம்தான் எழுத வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பாமா 'கருக்கு' நூலில் (1992), நேற்றுப் பிறந்த நாயக்கர் வீட்டுப் பொடிசுகள் தன் பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும், பாட்டி அந்தப் பொடிசுகளை 'ஐயா' என்பதையும் எழுதியதை வேறு யார் எழுதினாலும் அந்தச் சூடு வராது. என்னுடைய இரண்டாவது கேள்வியை நான் கற்றுக்கொண்டதே அங்கேதான். ஆனால் கவுண்டர் வீட்டுக் கணக்கை உள்ளேயிருந்து பார்த்தவர் எழுதினால்தான் அது வெளியே வரும். ஆதிக்க சாதியில் பிறந்து எழுதுகிறவர்கள் நம்முடைய கண்ணீரை எழுத வேண்டாம், அது நம்மிடமே போதுமான அளவுக்கு இருக்கிறது. அவர்கள் வீட்டு நோட்டை எழுதட்டும். எந்த நிலம் எந்த வருஷம் யாரிடமிருந்து வந்தது, யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்து எத்தனை வருஷம் கழித்துக்கொண்டார்கள் என்று எழுதட்டும். பெருமாள்முருகன் நாவலை நான் மதிப்பது அந்தத் திசையில் அது போவதால்தான்.

2018இல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' இன்னொரு அடி எடுத்து வைத்தது. சட்டக் கல்லூரியில் பரியனுக்கு ஜோ சிநேகிதி. ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்ட இடத்தில் அவனுக்கு என்ன கிடைத்தது என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவளுடைய சொந்தக்காரர்கள் அடித்து, மேலே மூத்திரம் பெய்து அனுப்புகிறார்கள். அவன் அதை ஜோவிடம் சொல்வதில்லை. அவளுக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியாது. பலர் ஜோவை 'வெள்ளந்தி' என்று பாராட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒன்றுமே தெரியாமல் இருக்க முடிவதும் ஒரு சொத்துதான். அந்தச் சொத்தைக் காப்பாற்ற அப்பாவும் சொந்தக்காரர்களும் காவல் நிற்கிறார்கள், அதற்கான செலவைப் பரியன் தன் உடம்பால் கட்டுகிறான். கடைசிக் காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு தேநீர் தம்ளர்களைப் பார்க்கும்போது, இரட்டைக் குவளைக் கடையில் நின்று குடித்த தலைமுறைக்கு அது நட்பின் சின்னமாக மட்டும் தெரியாது. இன்னும் தீராத வழக்கின் சாட்சியமாகவும் தெரியும்.

'நட்பிலுமா சாதி பார்ப்பீர்கள்? எங்கேயாவது ஒரு இடத்தை மிச்சம் வைங்கப்பா' என்று நல்ல மனசுக்காரர்கள் சொல்கிறார்கள். நாங்கள் எங்கே பார்க்கிறோம்? பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறது. அதைப் பார்த்ததாகச் சொல்கிறோம், அவ்வளவுதான். சாதி தாண்டிய சிநேகிதம் பொய் என்று நான் சொல்லவில்லை. உயிரைக் கொடுத்த சிநேகிதங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிநேகிதங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு நாள் ஒருவன் வீட்டுக்குள் சண்டை நடந்திருக்கிறது. பணக்காரச் சிநேகிதன் தன் அப்பாவோடு, தன் தாய்மாமனோடு, தன் வீட்டுச் சொத்தோடு போட்ட சண்டை. அந்தச் சண்டையை விட்டுவிட்டுக் கட்டிப்பிடியை மட்டும் எழுதுகிறவர்கள்தான் நட்பை அவமதிக்கிறார்கள்.

இதே கேள்வியை நம்ம பக்கமும் திருப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த விமர்சனம் பாதிதான். நம் தெருவிலேயே ஒருவன் அரசு வேலை கிடைத்து டவுனில் வீடு கட்டிவிட்டான். கூடப் படித்தவன் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான். பொங்கலுக்கு வருகிற கார் எங்கே நிற்கிறது? டவுன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு யார் யார் கூப்பிடப்படுகிறார்கள்? ஆபீஸ்காரர்கள் வருகிற பந்தியில் கூட்டாளிக்கு இடம் உண்டா, அல்லது 'நீ நாளைக்கு வாடா' என்றா? சிவகாமி 'பழையன கழிதலும்' நாவலில் (1989) நம் தலைவர்களையே நிறுத்திக் கேள்வி கேட்டார். இமையம் 'கோவேறு கழுதைக'ளில் (1994) காலனிக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியத்தின் வழியாக நமக்குள் இருக்கிற மேல் கீழைக் காட்டினார். கோபம் வந்தது, சண்டை நடந்தது, நல்லதுதான். அந்த வரிசையில் இந்தக் கூட்டாளிகளின் கதை இன்னும் போதுமான அளவுக்கு வரவில்லை. வர வேண்டும்.

'கூட்டாளி' என்ற வார்த்தையைத் தெரிந்தேதான் போட்டேன். நட்பு என்பது நூலில் படித்த வார்த்தை. நம்ம சனம் கூட்டாளி என்றும் சேக்காளி என்றும்தான் சொல்லும். ஒரு வேலையைக் கூடிச் செய்கிறவன், கிடைத்ததைப் பங்கு போடுகிறவன் என்று அதில் அர்த்தம் இருக்கிறது. வவுறியும் நெடும்பனும் கூளையனும் ஒருவர் ஆட்டை ஒருவர் பார்த்துக்கொள்வது அந்த வகை. யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, அதனால் யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவும் முடிவதில்லை. விமர்சகர்கள் அதை 'கிராமச் சூழல்' என்று ஒரு வரியில் தாண்டிவிட்டு, செல்வன் வரும்போது மட்டும் 'நட்பு' என்று எழுதுகிறார்கள். பணம் வந்து உட்கார்ந்தால்தான் சிநேகிதத்துக்கே மரியாதை போலும்.

அந்தத் தம்பி 'கூளமாதாரி'யைப் படித்துவிட்டு அந்த பைக்காரப் பையனிடமே கொடுத்திருக்கிறானாம். இன்னும் திரும்பி வரவில்லை. வரட்டும், அவசரமில்லை. இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்கள், எழுத நினைக்கிறவர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை இரண்டு சிநேகிதர்களைப் பற்றி எழுத உட்காரும்போது, அவர்கள் சந்திக்கிற குளக்கரையிலேயே கதையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பேர் கூடவும் அவரவர் வீட்டு வரைக்கும் நடந்து போங்கள். அடுப்படியில் யார் நிற்கிறார்கள், திண்ணையில் யார் உட்காரலாம், அலமாரியில் எந்த நோட்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.